உடலுக்கு ஏற்ற அளவு



இன்றைய பேச்சின் பொருள் சிலருக்குக் கூச்சம் தரலாம். பெண்களின் மார்பகத்தைப் பெரிதாக்குவதற்காக உள்ளே வைக்கப்படும் சிலிக்கோன் பைகளைப் பற்றி, அதிலும் குறிப்பாக, மெலிந்த சிறிய உடல்வாகு கொண்ட பெண்கள் அவற்றைத் தேர்ந்தெடுக்கும்போது கவனிக்க வேண்டியவற்றைப் பற்றிப் பேசப்போகிறோம். ஜொகூர்த் தோட்டங்களில் பிறந்த நம் பெண்பிள்ளைகள் பலர் கடற்பாலம் தாண்டிச் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார்கள். சம்பளம் கைக்கு வருகிறது; விளம்பரங்களும் தோழிமார் பேச்சும் காதில் விழுகின்றன. வீட்டில் பேச முடியாத காரணத்தால் இரகசியமாகப் போய்ச் செய்துகொண்டு, பிறகு இரகசியமாகவே துன்பப்படும் நிலை நம் பிள்ளைகளுக்கு வரலாகாது. ஆகவே கூச்சத்தைச் சற்று ஒதுக்கி வைப்போம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்வோம். சிறிய மார்பகம் நோயன்று, குறையுமன்று. தாய்ப்பால் சுரப்பது மார்பகத்தின் பருமனைப் பொறுத்ததல்ல. சிறிய மார்பகமுள்ள தாயும் தன் குழந்தைக்குப் போதிய பால் கொடுக்க முடியும். "இந்தப் பெண்ணுக்குப் பால் வருமா?" என்று பேசும் மாமியார்மார் இதை மனத்தில் கொள்ள வேண்டும். பல பெண்களை மருத்துவமனை வாசலுக்குத் தள்ளுவது இத்தகைய பேச்சுத்தான்.

இந்தச் சிகிச்சையின் வரலாறு நீண்டதல்ல. 1962ஆம் ஆண்டில், அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில், கிரோனின், ஜெரோ என்ற இரு மருத்துவர்கள் டிம்மி ஜீன் லின்ட்சி என்ற பெண்ணுக்கு முதன்முதலாகச் சிலிக்கோன் கூழ் நிறைந்த பைகளை வைத்தார்கள். அவர் அதைக் கேட்டு வந்தவர் அல்லர். பச்சை குத்திய அடையாளத்தை நீக்கிக்கொள்ள வந்தவர். மருத்துவர்கள் கேட்க, அவர் சம்மதித்தார். மற்றவர் சொல்லிச் செய்துகொள்ளும் வழக்கம் அந்த முதல் நாளிலேயே தொடங்கிவிட்டது என்று கூறலாம்.

சரி, ஒரு பெண் தானே நன்கு யோசித்து, தனக்கு வேண்டும் என்று முடிவு செய்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவள் பெரும்பாலும் ஒரு படத்தைக் காட்டி, "இவ்வளவு வேண்டும்" என்பாள். செருப்புக்குத் தகுந்தபடி காலை வெட்டுவார் உண்டா? ஆனால் படத்துக்குத் தகுந்தபடி உடலை மாற்ற முயல்வதும் அதைப் போன்றதே. நல்ல நிபுணர் படத்தை ஓரமாக வைத்துவிட்டு அளவு நாடாவை எடுப்பார்.

அவர் பார்க்கும் முதல் அளவு, மார்பகத்தின் அடியகலம். ஒரு பெண்ணுக்கு அது 11 செ.மீ. என்றால், வைக்கும் பையின் அகலமும் அதற்குள் அடங்க வேண்டும். ஒடுங்கிய நெஞ்சில் அகலமான பையை வைத்தால், அது ஒருபுறம் அக்குள்வரை தள்ளும். மறுபுறம் நடுநெஞ்சை நெருக்கும். இரண்டு மார்பகங்களும் நடுவில் ஒன்றாக ஒட்டியதுபோல் ஆகிவிடுவதும் உண்டு. பைகள் ஒரே அகலத்தில் குறைவாகவும், நடுத்தரமாகவும், அதிகமாகவும் முன்தள்ளும் வகைகளில் கிடைக்கின்றன. எனவே "எத்தனை சி.சி.?" என்ற கேள்வி இரண்டாவது, "என் நெஞ்சின் அகலத்துக்குள் அடங்குமா?" என்பதே முதற்கேள்வி.

இரண்டாவது அளவு, தோலும் கொழுப்பும் சேர்ந்த தடிமன். மருத்துவர் மார்பகத்தின் மேற்பகுதியை விரல்களால் கிள்ளிப் பார்ப்பார். அது 2 செ.மீ.க்கும் குறைவாக இருந்தால், பையின் விளிம்பும் சுருக்கமும் வெளியே தெரியக்கூடும். அதனால் மெலிந்த பெண்களுக்குப் பையின் மேற்பகுதியையாவது நெஞ்சுத் தசைக்கு அடியில் வைப்பது வழக்கம்.

இங்கேதான் உழைக்கும் பெண்கள் கேட்க வேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது. தசைக்கு அடியில் வைத்த பை, நெஞ்சுத் தசை இறுகும்போது அசையும், வடிவமும் மாறும். பால் வாளி தூக்குபவர், செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கிச் சுமப்பவர், தொழிற்சாலையில் பெட்டி அடுக்குபவர் எல்லாரும் தங்கள் வேலை இன்னதென்று மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். அறுவைக்குப் பிறகு பல வாரங்கள் பாரம் தூக்கலாகாது. அந்த நாட்களுக்குச் சம்பளம் ஏது, வீட்டு வேலைக்கு ஆள் யார் என்பதையும் முன்கூட்டியே எண்ண வேண்டும்.

பாரத்தையும் கணக்கிடுவோம். 1 சி.சி. சிலிக்கோன் ஏறக்குறைய 1 கிராம். இரண்டு பக்கமும் 300 சி.சி. வைத்தால் 600 கிராம். அரைக் கிலோவுக்கு மேற்பட்ட சுமையைச் சிறிய உடம்பு இரவும் பகலும் இறக்கி வைக்க முடியாமல் சுமக்கும். பெரிய பை மெல்லிய தோலை இழுத்து, இன்னும் மெலியச் செய்யும்; நாளடைவில் கீழே சரியும். வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். மெல்லிய காலுறையில் அரிசியைக் கட்டி உள்ளாடைக்குள் வைத்து, இரண்டு நாள் வழக்கமான வேலைகளைச் செய்து பாருங்கள். அளவு கிண்ணம் ஒன்றுக்குச் சுமார் 240 சி.சி. அரிசி பிடிக்கும். இது துல்லியமான கணக்கன்று. ஆனால் ஆசைக்கும் உடம்புக்கும் உள்ள தூரத்தை இது காட்டிவிடும்.

தழும்பைப் பற்றியும் கேட்க வேண்டும். மார்பகத்தின் அடிமடிப்பில், காம்பைச் சுற்றிய கருவட்டத்தில், அல்லது அக்குளில் கீறி உள்ளே வைப்பார்கள். நம்மைப் போன்ற கருநிறத் தோலில் தழும்பு தடித்து வளர்வது அதிகம். காது குத்திய இடமோ அம்மை குத்திய இடமோ தடித்திருந்தால் அதைக் காட்டுங்கள். கருவட்டத்தில் கீறினால் பிற்காலத்தில் பாலூட்டுவதற்கு இடையூறு வர வாய்ப்பு அதிகம். இனிப் பிள்ளை பெற இருப்பவர்கள் இதை மறக்கலாகாது.

இந்தப் பைகள் ஆயுளுக்கும் நிலைப்பவை அல்ல. சுற்றிலும் உருவாகும் தழும்புத் திசு இறுகிக் கல்லாகலாம். பை கிழிந்தும் வெளியே தெரியாமல் இருக்கலாம். அதனால்தான் சிலிக்கோன் பை வைத்தவர்கள் 5 அல்லது 6 ஆண்டுகளிலும், அதன்பின் 2 அல்லது 3 ஆண்டுகளுக்கு ஒருமுறையும் உட்படம் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் கூறுகிறது. வெறும் அழகுக்காகச் சிலிக்கோன் பை வைப்பதற்கு 22 வயதாவது நிரம்பியிருக்க வேண்டும் என்பதும் அதன் விதி. 2019இல் சொரசொரப்பான மேற்பரப்புள்ள ஒருவகைப் பை, அரிதான ஒரு நிணநீர்ப் புற்றுநோயுடன் தொடர்புடையது எனக் கண்டு உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டது. ஆண்டுகள் பல கழித்து ஒரு மார்பகம் மட்டும் வீங்கினால் தாமதிக்காமல் மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

பிரான்ஸ் நாட்டில் நடந்ததையும் அறிவோம். பி.ஐ.பி. என்ற நிறுவனம் மருத்துவத்துக்கு அனுமதிக்கப்படாத, தொழிற்சாலைக்குரிய சிலிக்கோனைப் பைகளில் அடைத்தது 2010இல் வெளிப்பட்டது. பல நாடுகளில் இலட்சக்கணக்கான பெண்கள் அவற்றை வைத்திருந்தார்கள். நிறுவனத் தலைவருக்கு 2013இல் 4 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. தம் உடம்பில் இருப்பது எந்த நிறுவனத்தின் பை என்று அறிந்திருந்தவர்கள் உடனே மருத்துவரிடம் போக முடிந்தது, அறியாதவர்கள் தவித்தார்கள். ஆகவே பையின் பெயரும் எண்ணும் அச்சிட்ட அட்டையைக் கேட்டு வாங்கி, அடையாளக் கார்டுபோல் பத்திரப்படுத்துங்கள்.

சிங்கப்பூரில் எப்படிச் சரிபார்ப்பது? மருத்துவர் பிளாஸ்டிக் அறுவை நிபுணராகப் பதிவு பெற்றவரா என்பதைச் சிங்கப்பூர் மருத்துவ மன்றத்தின் பதிவேட்டில் யாரும் பார்க்கலாம். வைக்கும் பை அங்கே சுகாதார அறிவியல் ஆணையத்தில் பதிவானதா என்றும் கேளுங்கள். "கீறலே வேண்டாம், ஊசி போட்டே பெரிதாக்கலாம்" என்று அழகு நிலையத்திலோ அறையிலோ யாராவது சொன்னால் அப்போதே எழுந்து வந்துவிடுங்கள். பையில்லாமல் ஊசியால் ஏற்றிய திரவச் சிலிக்கோன் சதைக்குள் பரவிக் கட்டியாகும்; இரத்தக் குழாயில் புகுந்து நுரையீரலை அடைத்து உயிரையும் பறிக்கும். அதை முழுவதும் எடுத்துவிட எந்த மருத்துவராலும் முடியாது.

செலவைக் கேட்கும்போது முழுத் தொகையைக் கேளுங்கள்: மருத்துவர், மயக்க மருந்து, அறுவைக்கூடம், பை, பின்னால் வரும் பரிசோதனை எல்லாம் சேர்த்து எத்தனை வெள்ளி? பின்பு பையை எடுக்க நேர்ந்தால் யார் செலவு? இரவு 10 மணிக்குத் தோட்டத்து வீட்டில் காய்ச்சலும் வீக்கமும் வந்தால், கடற்பாலத்துக்கு இந்தப் பக்கம் எந்த மருத்துவமனைக்குப் போவது? இதற்குப் பதில் கிடைக்காமல் முன்பணம் கட்டாதீர்கள். வீட்டில் ஒருவருக்காவது சொல்லிவிட்டுப் போங்கள்.

இன்னொரு வகைப் பெண்களும் உண்டு. தேக்கா சந்தைக்கு அருகே, புக்கிட் தீமா சாலையில் இருக்கும் கே.கே. மருத்துவமனையை நம்மில் பலர் அறிவோம். பழைய கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையாக அது 1966இல், ஒரே ஆண்டில் ஏறக்குறைய 40,000 குழந்தைகள் பிறந்து உலகச் சாதனை படைத்த இடம். மகப்பேற்றுக்குப் பெயர் பெற்ற அங்கே இன்று மார்பகப் புற்றுநோய்க்கும் சிகிச்சை உண்டு. சிங்கப்பூர்ப் பெண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் அதுவே. நோயால் மார்பகத்தை இழந்தவர் சீரமைப்புச் செய்துகொள்வதை ஆடம்பரம் என்று யாரும் பேசலாகாது. அவருக்கும் அளவு விதி ஒன்றுதான்: அவருடைய நெஞ்சுக்கு ஏற்றதே நல்லது. பை வைத்திருப்பவர் மார்பகப் படம் எடுக்கப் போகும்போது அதை முன்னதாகவே சொல்ல வேண்டும். வேறு முறையில் எடுப்பார்கள்.

நேயர்களே, செய்துகொள்வதா வேண்டாமா என்பது அந்தப் பெண்ணின் முடிவு. கணவரின் முடிவுமன்று, தோழியின் முடிவுமன்று. ஆனால் முடிவெடுக்கும் முன், என் நெஞ்சின் அகலம் என்ன, தோலின் தடிமன் என்ன, என் வேலை என்ன, பத்து ஆண்டு கழித்து இதைப் பார்த்துக்கொள்ள வழி என்ன என்ற நான்கு கேள்விகளுக்கும் அவளிடம் பதில் இருக்க வேண்டும். அந்தக் கேள்விகளை அச்சமின்றிக் கேட்கும் துணிவை அவளுக்குக் கொடுப்பது தாயாகவும் தந்தையாகவும் நம்முடைய கடமை.