புளியங்கொட்டை கற்பித்த கணக்கு

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழாசிரியனாகிய யான் இன்று கணக்கைப் பற்றிப் பேச வந்திருப்பது உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். நாற்பது வயது வரையில் எனக்கும் கணக்குக்கும் பகையே. எண்ணையும் எழுத்தையும் இரு கண்களாக வைத்துப் பேசினார் வள்ளுவர். அக்குறளுக்கு ஆண்டுதோறும் உரை விரித்த யானோ ஒற்றைக் கண்ணனாகவே இருந்தேன். சிறு வயதில் வாய்ப்பாடு தவறியதற்காகப் பட்ட பிரம்படியே அப்பகைக்கு வித்து. காரி நாயனாரின் கணக்கதிகாரத்தைப் படித்தபோதும் செய்யுளின் தளையையும் தொடையையும் பார்த்தேனேயன்றி, அதனுள் இருந்த கணக்கைப் பார்த்திலேன்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பள்ளியின் கணக்காசிரியர் நெடுவிடுப்பில் சென்றார். ஆறாம் வகுப்புக் கணக்கு என் தலைமேல் வந்து வீழ்ந்தது. வகுத்தற் கணக்குகளைக் கரும்பலகையில் எழுதுவேன். விடைப் பகுதியைப் பார்த்துத் திருத்துவேன். பிள்ளைகள் "ஏன்?" என்று வினவினால் சினம் கொள்வேன். அச்சினம் என் அறியாமைக்கு யான் இட்ட திரை என்பதை இன்று வெட்கத்தோடு ஒப்புக்கொள்கின்றேன். ஒரு மாணவன் எந்த வகுத்தலையும் சரியாக முடித்தானில்லை. "உனக்குக் கணக்கு வராது" என்று பலர் முன்னிலையில் அவனிடம் சொல்லிவிட்டேன்.

ஒரு மழை நாளில், உணவு வேளையின்போது, அம்மாணவன் பள்ளித் தாழ்வாரத்தில் புளியங்கொட்டைகளைப் பரப்பி ஆடிக்கொண்டிருந்தான். கொட்டைகள் 20. இருவர் மாறி மாறி எடுக்கவேண்டும். ஒரு முறைக்கு ஒன்றோ, இரண்டோ, மூன்றோ எடுக்கலாம். கடைசிக் கொட்டையை எடுப்பவரே வென்றவர். எதிர்த்து ஆடியோர் அனைவரும் தோற்றனர். யானும் அமர்ந்தேன். "ஐயா, நீங்களே முதலில் எடுங்கள்" என்றான். மரியாதை என்று மகிழ்ந்தேன். ஐந்து ஆட்டம் ஆடினேன், ஐந்திலும் தோற்றேன்.

அன்றிரவு என் மகளோடு அமர்ந்து, ஆட்டத்தை முடிவிலிருந்து பின்னோக்கி எண்ணிப் பார்த்தேன். நான்கு கொட்டைகள் இருக்கையில் என் முறை வந்தால், யான் எத்தனை எடுப்பினும் எஞ்சியதை அவன் எடுத்துவிடுவான். அங்ஙனமாயின் எட்டிலும் எனக்குத் தோல்வியே. 12-இலும், 16-இலும், 20-இலும் அவ்வாறே. யான் ஒன்று எடுத்தால் அவன் மூன்று, இரண்டுக்கு இரண்டு, மூன்றுக்கு ஒன்று. ஒவ்வொரு சுற்றிலும் நான்கு கழிந்துவிடும். என்னை முதலில் எடுக்கச் சொன்னது மரியாதை மட்டுமன்று, மதியும் ஆகும்!

மறுநாள் 21 கொட்டைகளை வைத்து, யானே முதலில் ஒன்றை எடுத்து, வென்றேன். அவன் முகம் மலர்ந்தது. "ஐம்பது வைத்தால், ஐயா?" என்றான். வகுப்பு முழுவதும் சூழ்ந்துகொண்டது. 50-ஐ நான்கால் வகுத்தால் ஈவு 12, மீதி 2. ஆகவே முதலில் இரண்டு எடுக்கவேண்டும். இத்தனை நாளும் ஓரத்தில் எழுதி மறந்த அந்த மீதியே வெற்றிக்குத் திறவுகோலாக நின்றது. நான்கு வரை எடுக்கலாமெனின் ஐந்தால் வகுக்கவேண்டும் என்று அம்மாணவனே கூறினான். வகுத்தல் வராதென்று யான் தள்ளியவன், விரல்களால் வகுத்துக்கொண்டே இருந்திருக்கின்றான். வகுப்பின் முன் அவனிடம், "நான் சொன்னது தவறு, தம்பி" என்றேன்.

பெரியோர்களே! இதனை வெறும் விளையாட்டென்று இகழவேண்டா. இதற்கு இனமாகப் பல குவியல்களை வைத்து ஆடும் 'நிம்' என்னும் ஆட்டத்தின் முழுக் கணக்கையும் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துச் சார்லஸ் பூட்டன் 1901-இல் வெளியிட்டார். நம்மிடத்தும் 14 குழிகளுடைய பல்லாங்குழியும், 3 புலியும் 15 ஆடும் கொண்ட ஆடுபுலி ஆட்டமும் உண்டு. எண்ணாமல் இவற்றுள் ஒன்றையும் வெல்ல இயலாது.

யான் கண்ட உண்மை ஒன்றே. கணக்குத் தவறினால் பிள்ளை தலைகுனிகின்றது. ஆட்டத்தில் தோற்றால் "இன்னும் ஓர் ஆட்டம்" என்கின்றது. அறிவு அதுவேதான், அச்சம் நீங்கியதே வேறுபாடு. ஆதலின், மகனாயினும் மகளாயினும், "உனக்குக் கணக்கு வராது" என்னும் சொல்லை இல்லத்தில் வழங்காதீர்கள். இரவு உணவுக்குப் பின் கால் மணி நேரம் அவர்களோடு அமர்ந்து ஆடுங்கள். சூட்சுமத்தை முன்னரே சொல்லிவிடாதீர்கள், அவர்களே கண்டுபிடிக்கட்டும். நீங்கள் தோற்றால் நாணவேண்டா. ஐந்து முறை தோற்ற பின்னரே யான் கணக்கைக் கற்பிக்கத் தகுதியுடையவன் ஆனேன்.

இளஞ்சிறார்களே! கூட்டம் முடிந்ததும் என்னிடம் வாருங்கள். என் பையில் 21 புளியங்கொட்டைகள் உள்ளன. முதலில் எடுப்பவர் யார் என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.