குர்தியர் குடியும் தந்தைவழியும்



துருக்கி, ஈராக்கு, ஈரான், சிரியா ஆகிய நாடுகளில் வாழும் குர்தியருள் மில்லி என்பது ஒரு பெருங்குடி. 1908-இல் மறைந்த இப்ராகிம் பாஷாவின் தலைமையில் அரபியரும் யசீதியரும் அக்குடியிற் சேர்ந்திருந்தனர். ஆகலின் பெயரொருமை குருதியொருமைக்குச் சான்றாகாது. குலம் பேசும் நமக்கு இது சற்றே கசக்கும்.

தந்தையினின்று மைந்தனுக்கே செல்லும் ஒய் குரோமோசோமை ஆராய்ந்தோர், யூதரின் தந்தைவழி அண்டை அரபியரினும் குர்தியர்க்கே அணுக்கமுடையதென 2001-இல் கண்டனர். சமயமும் வேறு, மொழியும் வேறு!

அச்சான்றும் ஒரு கிளையையே காட்டும். பத்துத் தலைமுறைக்கு முன், கணக்கின்படி, ஒருவனுக்கு மூதாதையர் 1024 பேர். அவருள் ஒருவரையே அது கூறும். எஞ்சியோருள் 512 பேர் மகளிர். அவர்தம் பெயர் குலவரிசைகளிற் பெரும்பாலும் காணப்படுவதில்லை.