விருப்ப ஓய்வு யாருடைய விருப்பம்?

(ஒரகடம் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"உன்னை நீக்கிவிட்டேன்" என்று பெரிய கம்பெனிகள் இப்போது சொல்வதில்லை. "நீயாகவே விலகுவதாக எழுதிக் கொடு, பணம் தருகிறோம்" என்கிறார்கள். அதற்கு விருப்ப ஓய்வு என்று பெயர். இருபத்தைந்து வயதுப் பெண்ணுக்கு ஓய்வு பெற என்ன விருப்பம்?

ஸ்ரீபெரும்புதூர் நோக்கியாவை நினைத்துப் பாருங்கள். 2005ல் சர்க்கார் ஒப்பந்தம் போட்டது. சுமார் 210 ஏக்கர் நிலமும் வரிச் சலுகையும் கொடுத்தது. 2006ல் உற்பத்தி தொடங்கியது. வட மாவட்டக் கிராமங்களிலிருந்து பள்ளிப்படிப்பு முடித்த பிள்ளைகள் வந்தார்கள், பெண்களே அதிகம். ஒரு காலத்தில் நேரடியாக மட்டும் எண்ணாயிரம் பேர் வேலை செய்தார்கள். இந்த வேலை ஆயுசுக்கும் நிற்கும் என்று நம்பினார்கள்.

2013 செப்டம்பரில் நோக்கியா தன் செல்போன் தொழிலை மைக்ரோசாப்டுக்கு விற்பதாக அறிவித்தது. காப்புரிமைப் பயன்பாட்டையும் சேர்த்து விலை 544 கோடி யூரோ. 2014 ஏப்ரலில் விற்பனை முடிந்தபோது, வரித் தகராறில் சிக்கிய நம் ஆலை அதில் சேரவில்லை. அதே மாதம் விருப்ப ஓய்வுத் திட்டம் வந்தது. ஐயாயிரம் பேருக்கு மேல் கையெழுத்திட்டார்கள். நவம்பர் 1ல் ஆலை நின்றது. டிசம்பரில் பாக்ஸ்கானும் இங்கே உற்பத்தியை நிறுத்தியது.

வரி கேட்டதால்தான் ஆலை போயிற்று என்பார் உண்டு. தகராறு இருந்தது உண்மை. ஆனால் ஜெர்மனியில் போஹும் நகர ஆலையை 2008ல் மூடினார்களே, அதை மூடியது இந்த வரி வழக்கா? கூலி குறைந்த ருமேனியாவுக்குப் போனார்கள். அங்கே 2011ல் மூடினார்கள். 2012ல் சொந்த நாடான பின்லாந்திலேயே சாலோ ஆலையில் உற்பத்தியை நிறுத்தினார்கள். 2014 ஜூலையில் மைக்ரோசாப்ட் 18,000 பேரைக் குறைப்பதாக அறிவித்தது. அதில் 12,500 பேர் நோக்கியாவிலிருந்து வந்தவர்கள். லாபம் எங்கே அழைக்கிறதோ அங்கே மூலதனம் போகும். ஊரும் உறவும் அதற்கில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? 1947ம் ஆண்டுத் தொழில் தகராறு சட்டத்தின்படி, 100 பேர் அல்லது அதற்கு மேல் உள்ள ஆலையில் ஆட்குறைப்புக்கு சர்க்கார் அனுமதி வேண்டியிருந்தது. கடைசியில் சேர்ந்தவரைத்தான் முதலில் குறைக்கலாம். மறுபடி ஆள் எடுத்தால் பழையவரைக் கூப்பிட வேண்டும். 2025 நவம்பரில் அமலுக்கு வந்த தொழிலுறவுச் சட்டத்தொகுப்பு அந்த 100ஐ 300 ஆக்கிவிட்டது. விருப்ப ஓய்வுக்கோ இந்த வேலிகள் எதுவுமே கிடையாது. தானாக விலகியவரை ஆட்குறைப்புக் கணக்கில் சட்டம் சேர்ப்பதில்லை. ஆகவே, அந்தக் காகிதத்தில் நாம் விற்பது வேலையை மட்டுமல்ல, உரிமையையும்தான்.

விவசாயத் தொழிலாளித் தோழர்களே, இது உங்களுக்குப் புதிதல்ல. நிலம் எடுத்தபோது பட்டாதாரர் கைக்கு நஷ்டஈடு வந்தது. அந்த நிலத்தில் நாற்று நட்டவருக்கு என்ன வந்தது? ஆலை நின்றபோது கான்டிராக்ட் தொழிலாளியின் கதையும் அதுவே. அவரிடம் விருப்பம் கேட்கக்கூட ஒருவரும் வரவில்லை. வயலில் வெளியேற்றப்பட்டவரும் ஆலையில் வெளியேற்றப்பட்டவரும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்தாம்.

போஹுமில் சுமார் 2,300 தொழிலாளர் ஒன்றாகத் தெருவில் நின்றார்கள். ஊரும் கூட நின்றது. ஆலையைக் காப்பாற்ற முடியவில்லை. ஆனால் 20 கோடி யூரோ நஷ்டஈட்டுத் திட்டத்தை வாங்கினார்கள். தனித்தனியே அறைக்குள் போயிருந்தால் அது கிடைத்திருக்குமா?

ஆகவே நாம் செய்ய வேண்டியது மூன்று. காகிதம் நீட்டினால் அந்த அறையிலேயே கையெழுத்துப் போடாதீர்கள். அவகாசம் கேளுங்கள், யூனியனிடம் கொண்டுவாருங்கள். கிராஜுவிட்டியும் பி.எப். பணமும் முன்பே நம்முடையவை. அவற்றையும் கூட்டிப் பெரிய தொகையாகக் காட்டினால் மயங்காதீர்கள். கான்டிராக்ட் தொழிலாளியின் கோரிக்கையை நம் கோரிக்கையோடு சேருங்கள்.

யூனியனை வெள்ளம் வந்த பிறகு கட்ட முடியாது. சாம்சங் தொழிலாளர் 2024ல் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 2025 ஜனவரியில் சங்கம் பதிவாயிற்று. சங்கம் இல்லாத ஆலை இந்த நெடுஞ்சாலையில் இன்னும் எத்தனையோ உண்டு. நாளைக் காலை ஷிப்டிலேயே அந்த வேலையைத் தொடங்குவோம்!