சர்க்கரை நோய் எல்லாம் ஒன்றன்று

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் நிர்வாகக் குழுவின் சார்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

சற்று முன் ஆண்டு வரவு செலவுக் கணக்கு வாசிக்கப்பட்டது. அதில் பைத்துல்மால் நிதியிலிருந்து ‘மருத்துவ உதவி’ என்று ஒரு வரி இருந்ததைக் கேட்டிருப்பீர்கள். அந்த ஒரு வரிக்குப் பின்னால் நம் மஹல்லாவைச் சேர்ந்த ஓர் இளைஞரின் நான்கு ஆண்டுத் துன்பம் இருக்கிறது. பெயரைக் குறிப்பிடாமல் அதனை எடுத்துச் சொல்லுமாறு அவரும் அவருடைய தந்தையாரும் இசைவு தந்திருக்கிறார்கள். மற்றொரு வீட்டில் இத்தகைய துன்பம் நேரக் கூடாது என்பதற்காகவே இன்று அதைப் பற்றிப் பேசுகிறோம்.

நான்கு ஆண்டுகள்

அவருக்கு இருபத்தோரு வயதில் சர்க்கரை நோய் இருப்பது தெரிய வந்தது. ஒல்லியான உடல்வாகு. பெற்றோருக்கோ பாட்டனாருக்கோ அந்நோய் இருந்ததில்லை. மற்ற எல்லோருக்கும் கொடுப்பது போல மாத்திரை கொடுத்தார்கள். சர்க்கரை குறையவில்லை; மாத்திரையின் அளவைக் கூட்டினார்கள். உடல் எடை மேலும் குறைந்தது. “அத்தா, நான் சாப்பாட்டைக் கட்டுப்பாடாகத்தான் வைத்திருக்கிறேன்” என்று அவர் சொன்னபோது வீட்டார் நம்பவில்லை. டீக்கடையில் ஒளிந்து இனிப்புத் தின்கிறான் என்று நம்மில் சிலரும் பேசினோம். அதற்காக இன்று வருந்துகிறோம்.

அவருக்கு அவ்வப்போது மேல்வயிற்றில் வலி எடுத்து முதுகு வரை பரவும். குனிந்து உட்கார்ந்தால் சற்றுத் தணியும். நோன்புக் காலத்தில் அது வந்தபோது, இஃப்தாரில் உண்ட எண்ணெய்ப் பலகாரத்தால் வந்த வலி என்றே எல்லோரும் எண்ணினோம். வயிற்று வலிக்கு ஒருவரிடமும் சர்க்கரைக்கு வேறொருவரிடமும் வைத்தியம் நடந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தவர் எவருமில்லை.

கடைசியில், வேறொரு மருத்துவமனையில் இரவுப் பணியிலிருந்த ஓர் இளம் மருத்துவர், “இந்த வலி எத்தனை வருடமாக இருக்கிறது?” என்று கேட்டார். வயிற்றை ஓர் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். கணையம் இருக்கும் இடத்தில் வரிசையாகக் கற்கள் தெரிந்தன. சிறப்பு மருத்துவரிடம் அனுப்பப்பட்டார். இன்சுலினும், உணவு செரிப்பதற்கான நொதி மருந்தும் தொடங்கப்பட்டன. அல்ஹம்துலில்லாஹ், இன்று அவர் வேலைக்குச் சென்று வருகிறார். நான்கு ஆண்டுகளாக விளங்காதிருந்த ஒன்றை விளக்கியது ஒரு சாதாரண எக்ஸ்ரே.

பிழை எங்கே நேர்கிறது?

இதைச் சொல்வது எந்த மருத்துவரையும் குறை கூறுவதற்காக அன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் இணைந்து நடத்தி 2023இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2021ஆம் ஆண்டு நிலவரத்தில் நம் நாட்டில் சர்க்கரை நோயுள்ளோர் ஏறத்தாழ 10 கோடியே 10 லட்சம் பேர். உலக அளவில் நோயுற்றோரில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் ‘இரண்டாம் வகை’ நோயினர். ஒரு காலைப் பொழுதில் நூறு நோயாளிகளைப் பார்க்க வேண்டிய மருத்துவர், அடுத்து வருபவரும் அதே வகை என்று எண்ணுவது இயல்பு. எஞ்சிய சிலரிடத்தில்தான் பிழை நேர்கிறது. அந்தச் சிலரில் நம் பிள்ளையும் இருக்கலாம்.

வகைகளைச் சுருக்கமாகக் காண்போம்.

இரண்டாம் வகையில் இன்சுலின் சுரக்கிறது. உடல் அதனைச் சரிவர ஏற்பதில்லை. நாளடைவில் சுரப்பும் குறைகிறது. உணவுக் கட்டுப்பாடு, நடைப்பயிற்சி, மாத்திரை ஆகியவற்றால் நெடுநாள் சமாளிக்க முடியும்.

முதல் வகையில், உடலின் நோய் எதிர்ப்பு ஆற்றலே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் அணுக்களை அழித்துவிடுகிறது. இவர்களுக்கு இன்சுலின்தான் உயிர். 1922 ஜனவரியில் டொரான்டோ நகரில் 14 வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாக இன்சுலின் செலுத்தப்படும் வரை, இவ்வகை நோய் வந்த பிள்ளைகள் பிழைப்பது அரிதாக இருந்தது. இந்நோய் பிள்ளைகளுக்கு மட்டும் வருவதன்று. முப்பது, நாற்பது வயதிலும் மெதுவாகத் தொடங்கும். அப்போது இரண்டாம் வகையென்று எண்ணி மாத்திரை கொடுக்கப்படுவதுண்டு. ஜி.ஏ.டி. எதிர்ப்பொருள் பரிசோதனை, சி-பெப்டைடு பரிசோதனை என்னும் இரண்டு இரத்தப் பரிசோதனைகள் உண்மையை அறியத் துணை செய்யும்.

மூன்றாவது, நாம் மேலே கண்ட கணையக் கல் சர்க்கரை நோய். இது வெப்ப மண்டல நாடுகளில், சிறப்பாகத் தென்னிந்தியாவில் காணப்படுவது. கேரளத்தின் மருத்துவர் கீவர்கீஸ் அவர்கள் மிகப் பல நோயாளிகளை ஆராய்ந்து 1968இல் தனி நூலே வெளியிட்டார். சென்னையிலும் இது குறித்துப் பல ஆண்டுகள் ஆய்வு நடந்திருக்கிறது. நம் மண்ணில் நன்கு அறியப்பட்ட நோயே நம் வீட்டில் அறியப்படாமல் போனது என்பதுதான் வருத்தத்திற்குரியது.

நான்காவது, ஒரே ஒரு மரபணுவின் மாற்றத்தால் குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக, இளம் வயதிலேயே வருவது. இதனை எம்.ஓ.டி.ஒய். என்பர். இவர்களுள் சிலருக்குப் பழைய, விலை குறைந்த மாத்திரையே நன்கு பயன்படும். வேறு சிலருக்குப் பெரும்பாலும் மருந்தே தேவைப்படாது. பிறந்து ஆறு மாதத்திற்குள் குழந்தைக்குச் சர்க்கரை நோய் வந்தாலும் மரபணுப் பரிசோதனை அவசியம். அத்தகைய குழந்தைகள் பலர் இன்சுலினை விட்டு மாத்திரைக்கு மாற முடியும் என்பதை 2006இல் வெளியான ஆய்வு காட்டியது. இப்பரிசோதனைக்குச் செலவு மிகுதி. ஆதலால் யாருக்குத் தேவை என்பதைச் சிறப்பு மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

ஐந்தாவது வகையின் செய்தி வேலூரிலிருந்து வந்தது. சிறு வயது முதல் போதிய ஊட்டமின்றி வளர்ந்து மெலிந்திருக்கும் இளைஞர்களுக்கு வரும் நோய் இது. 1985இல் உலக சுகாதார நிறுவனம் ஊட்டக்குறைவு சார்ந்த நோயைத் தனி வகையாகச் சேர்த்தது, 1999இல் நீக்கிவிட்டது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியினரும் அமெரிக்க ஆய்வாளர்களும் இணைந்து 2022இல் வெளியிட்ட ஆய்வு, இவர்களுடைய உடலின் போக்கு முதல் வகையினும் இரண்டாம் வகையினும் வேறானது என்று காட்டியது. 2025 ஏப்ரலில் பாங்காக் மாநாட்டில் அனைத்துலக நீரிழிவுக் கூட்டமைப்பு இதனை ‘ஐந்தாம் வகை’ என ஏற்றுக்கொண்டது.

எப்போது மறுபடியும் கேட்க வேண்டும்?

கீழ்க்கண்டவற்றுள் ஏதேனும் இருந்தால், “எனக்கு வந்திருப்பது எந்த வகை?” என்று மருத்துவரிடம் பணிவுடன் கேளுங்கள்.

1. முப்பது வயதுக்கு முன் நோய் வந்திருப்பது.

2. பருமன் இல்லாமை, நோய் கண்ட பின் எடை விரைந்து குறைவது.

3. மருந்தை ஒழுங்காக உண்டும், உணவைக் கட்டுப்படுத்தியும் சர்க்கரை இறங்காமை.

4. அடிக்கடி மேல்வயிற்று வலி, எண்ணெய்ப் பசையுடன் மலம் போதல்.

5. பாட்டனார், தந்தை, மகன் என மூன்று தலைமுறையிலும் இளமையிலேயே நோய்.

6. ஸ்டீராய்டு மருந்து உண்ணத் தொடங்கிய பின் சர்க்கரை ஏறியிருப்பது.

மற்றொன்றும் உண்டு. மூன்று மாதச் சராசரி காட்டும் ஹெச்.பி.ஏ.1சி. பரிசோதனையை இரத்தசோகை பிழைபடக் காட்டக்கூடும். நம் பெண்மணிகளிடையே இரத்தசோகை மிகுதி. அதனையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இங்கு ஓர் எச்சரிக்கை. இவ்வுரையைக் கேட்டுவிட்டு எவரும் தாமாக மருந்தை நிறுத்தவோ மாற்றவோ கூடாது. குறிப்பாக இன்சுலினை ஒரு நாளும் நிறுத்தக் கூடாது. இன்சுலின் இல்லாதபோது இரத்தத்தில் அமிலம் சேர்ந்து வாந்தி, வயிற்று வலி, பெருமூச்சு, மயக்கம் உண்டாகும். அஜீரணம் என்று எண்ணி வீட்டில் வைத்துக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

எங்கே செல்வது?

திருவாமாத்தூரிலிருந்து நெடுந்தொலைவு அலைய வேண்டியதில்லை. முதலில் முண்டியம்பாக்கத்தில் 2010 முதல் இயங்கிவரும் அரசு விழுப்புரம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் செல்லலாம். அங்கிருந்து தேவைக்கேற்பப் பரிந்துரைக் கடிதம் பெறலாம். புதுச்சேரி ஜிப்மரில் நாளமில்லாச் சுரப்பிகளுக்கெனத் தனித்துறை இருக்கிறது. விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலை வழியே காட்பாடி செல்லும் ரயில் வேலூருக்கு உதவும். சென்னை மருத்துவக் கல்லூரியிலும் நீரிழிவுக்கெனத் தனி நிலையம் உண்டு.

செல்லும்போது வெறுங்கையோடு செல்லாதீர்கள். நோய் கண்ட வயது, அப்போதைய எடை, இப்போதைய எடை, உண்ட மருந்துகள், பழைய பரிசோதனைச் சீட்டுகள், குடும்பத்தில் யார் யாருக்கு எந்த வயதில் நோய் வந்தது என்பவற்றை ஒரு தாளில் எழுதிக் கொண்டு செல்லுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தால் மாத்திரை வீடு தேடி வருவது பெரும் நன்மை. ஆனால் மாத்திரை வருகிறதே என்று மருத்துவரைப் பார்ப்பதை விட்டுவிடுவது சரியன்று.

நோன்பும் நோயும்

நோயின் வகையை அறிவது நோன்புக்கும் தேவை. முதல் வகை நோயினருக்கு நோன்பில் அபாயம் மிகுதி என்பது மருத்துவர்களின் வழிகாட்டுதல். ஆகவே ரமலானுக்கு ஆறு அல்லது எட்டு வாரம் முன்பே மருத்துவரைக் காணுங்கள். நோன்பின்போது சர்க்கரை 70க்குக் கீழ் இறங்கினாலும் 300க்கு மேல் ஏறினாலும் நோன்பைத் துறந்துவிட வேண்டும் என்கிறார்கள். நோயாளிக்கு மார்க்கம் அளித்துள்ள சலுகையை ஆலிம்களிடம் கேட்டறிந்து கொள்ளுங்கள். அச்சலுகையை ஏற்பதில் வெட்கமில்லை; ஏற்பவரைப் பார்த்து முகம் சுளிப்பதுதான் வெட்கம்.

நம் கடமை

நிர்வாகக் குழு இரண்டு வேண்டுகோள்களை உங்கள் முன் வைக்கிறது. முதலாவது, முப்பது வயதுக்கு உட்பட்டு இந்நோய் கண்ட ஒவ்வொருவரும் ஒரு முறையேனும் சிறப்பு மருத்துவரைக் கண்டுவர, வசதியற்றோருக்கு வழிச்செலவும் தொடக்கப் பரிசோதனைச் செலவும் பைத்துல்மால் நிதியிலிருந்து வழங்க இப்பொதுக்குழு ஒப்புதல் அளிக்க வேண்டும். துணைக்கு ஆள் இல்லாதவருடன் சென்றுவர இளைஞர்கள் முன்வர வேண்டும்.

இரண்டாவதற்குப் பணம் தேவையில்லை. சம்பந்தம் பேசும் வீடுகளில் இந்நோயை மறைக்கும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. மறைப்பதால் பிள்ளைகள் ஊசியை ஒளித்துப் போடுகிறார்கள். சில நாள் போடாமலே விடுகிறார்கள். சர்க்கரை இறங்காத பிள்ளையை, “நீ என்ன தின்றாய்?” என்று கடிந்துகொள்வதை இன்றோடு நிறுத்துவோம். “வா, வேறு மருத்துவரிடமும் ஒரு முறை கேட்டுப் பார்ப்போம்” என்று கையைப் பிடித்து அழைத்துச் செல்வோம். அந்தச் சொல்லைத்தான் நம் இளைஞர் நான்கு ஆண்டுகள் எதிர்பார்த்திருந்தார்.

நோயுற்றோர் அனைவருக்கும் வல்ல இறைவன் முழுமையான ஷிஃபாவை வழங்குவானாக. ஆமீன். வஸ்ஸலாம்.