நீலியின் மறுபிறவிகள்

கணினித் திரையில் வாளேந்திப் பாதாள அறைகளில் இறங்கும் மாயாலோக விளையாட்டுகளில், அதாவது நம் இளைஞர்கள் ரோல் பிளேயிங் கேம் என்று அழைப்பனவற்றில், பயம் எங்கிருந்து பிறக்கிறது, முதல் பாகத்தில் பிறந்த அந்தப் பயம் இரண்டாம் பாகத்திலும் சில கதைகளில் மட்டும் குன்றாமல் நிற்பது எதனால் என்பதன் சரித்திரத்தைச் சொல்லப் புகுந்த நான், அமெரிக்காவிலிருந்து தொடங்காமல், திருவனந்தபுரத்திலிருந்து பத்மநாபபுரத்துக்குச் செல்லும் பழைய பாதையிலிருந்து தொடங்குகிறேன். அதற்குத் தக்க காரணம் உண்டு.

கொட்டாரத்தில் சங்குண்ணி 1909 முதல் வெளியிட்டு வந்த 'ஐதிஹ்யமாலை'யில், அந்தப் பாதையில் செல்லும் வழிப்போக்கர்களிடம் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்கும் ரூபவதியாகிய ஒரு யக்ஷி வருகிறாள். நாஞ்சில் நாட்டு வில்லுப்பாட்டில் அவளுக்குச் சகோதரி முறையாக வேண்டியவள் கள்ளியங்காட்டு நீலி. திருவாலங்காட்டுக்கு அருகிலுள்ள பழையனூரிலும் ஒரு நீலி உண்டு என்பதைத் தமிழர் அறிவர். கணவனால் கொலையுண்டவள், அவன் வணிகனாக மறுபிறவி எடுத்து வரும்போது, கள்ளிக் கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, 'இவன் என் புருஷன்' என்று ஊரார் முன் வழக்குரைக்கிறாள் அல்லவா? அந்தக் காட்சியில் நம்மை நடுங்கச் செய்வது பேயின் பல்லும் நகமும் அல்ல. முற்பிறவியில் நடந்தது இன்னதென்று கேட்கும் நமக்குத் தெரியும். பஞ்சாயத்தில் அமர்ந்த எழுபது வேளாளருக்குத் தெரியாது. அவளோ நியாயத்தின் பாஷையிலேயே பேசுகிறாள். நோக்கினால், நீலி கதையே ஓர் இரண்டாம் பாகம். முதற்பாகத்தில் தீர்க்கப்படாத கணக்கு ஒன்று இருந்தாலன்றி இரண்டாம் பாகத்துக்கு உயிர் இல்லை என்ற விதியை நம் கிராமத்துப் பாட்டுக்காரர்கள் என்றோ அறிந்திருந்தார்கள்.

இந்த விதியை அச்சிட்ட நாவலில் முழுமையாகக் கையாண்டவர் திருவனந்தபுரமாகிய இந்நகரத்தில் 1858-இல் பிறந்த சி. வி. ராமன் பிள்ளை. 1891-இல் வெளிவந்த அவருடைய 'மார்த்தாண்ட வர்மா', பஞ்சவன்காட்டில் வெட்டுண்டு இரத்தத்தில் கிடக்கும் ஓர் இளைஞனோடு தொடங்குகிறது. இறந்தான் என்று ஊரே நம்பும் அனந்தபத்மநாபன், பைத்தியக்காரச் சான்னானாக வேஷம் பூண்டு கதை நெடுகிலும் உலவுகிறான். அந்தக் காட்டின் யக்ஷிக் கதையையும் ஒரு பாத்திரத்தின் வாயால் ஆசிரியர் நிதானமாகச் சொல்ல வைக்கிறார். சரித்திர நாவல் என்று பெயர் பெற்ற அந்நூலை நான் பயானக ரசத்தின் நூலாகவே வாசிக்கிறேன்; பண்டிதர்கள் கோபிக்கலாம்.

அதன் தொடர்ச்சியாகிய 'தர்மராஜா' வந்தது 1913-இல். இருபத்திரண்டு ஆண்டு இடைவெளி. முதல் நூலில் அரசர் மார்த்தாண்ட வர்மா தம்மை எதிர்த்த எட்டு வீட்டுப் பிள்ளைமாரை ஒழித்து வெற்றி பெறுகிறார். அவர்களுடைய வீடுகளை இடித்துக் குளம் தோண்டினார்கள் என்பது இங்கே வழங்கும் ஐதிஹ்யம். சாதாரண ஆசிரியராக இருந்தால் இரண்டாம் நூலுக்குப் புதிதாக ஒரு பகைவனைத் தேடிப் போயிருப்பார். சி. வி. அப்படிச் செய்யவில்லை. கார்த்திகைத் திருநாள் ராமவர்மாவின் ஆட்சிக் காலத்தில், பக்தர்கள் கைகூப்பி வணங்கும் ஹரிபஞ்சானனன் என்னும் யோகியைக் கொண்டு வந்து நிறுத்துகிறார். அந்த யோகி ஒருவர் அல்லர், இரட்டையர் என்றும், அவ்வாறு அழிக்கப்பட்டவர்களுள் ஒருவராகிய கழக்கூட்டத்துப் பிள்ளையின் வம்சத்தினர் என்றும் போகப் போகத்தான் வெளிப்படுகிறது. நாம் முதல் நூலில் எந்தத் தண்டனையைக் கண்டு மகிழ்ந்தோமோ, அதுவே இரண்டாம் நூலில் காவி உடுத்து அரண்மனை வாசலில் வந்து நிற்கிறது. அடுத்து வந்த 'ராமராஜ பகதூர்' திப்புவின் படையெடுப்பைப் பற்றியது. அளவில் பெரிதாயினும் இந்த நடுக்கம் அதில் எனக்குக் கிட்டவில்லை.

இனிக் கடலுக்கு அப்பால் செல்வோம். 1764-இல் ஹொரேஸ் வால்போல் எழுதிய 'ஒட்ராண்டோ கோட்டை' என்னும் நூலுக்கு, பாட்டன் செய்த பாவம் கோட்டைச் சுவர்களுக்குள் பேரனைத் துரத்துவதே விஷயம். அந்நூலுக்கு முன்னுரை எழுதிய வால்டர் ஸ்காட்டே சி. வி.க்கு முன்மாதிரியாகவும் இருந்தார். அதே மரபின் மற்றொரு கிளை விளையாட்டு மேஜைக்கு வந்து சேர்ந்தது. 1974-இல் கைகாக்ஸும் ஆர்னெசனும் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டை வெளியிட்டபோது, பாதாளம் என்பது பொக்கிஷம் எடுக்கும் இடமாகவே இருந்தது. 1981-இல் வந்த 'கால் ஆஃப் கதுலு'வில்தான், விளையாடுபவனின் உடல் பலத்தோடு அவனுடைய சித்த சுவாதீனத்துக்கும் ஓர் எண் வைத்து, காணத்தகாததைக் காணும் தோறும் அந்த எண் குறையும் என்று விதித்தார்கள். 1983-இல் ஹிக்மன் தம்பதியர் 'ரேவன்லாஃப்ட்' என்ற கோட்டையை அமைத்து, தம்பியைக் கொன்று அவன் மணக்கவிருந்த பெண்ணை அடைய நினைத்த ஸ்டிராட் என்னும் பிரபுவை அதில் குடியேற்றினார்கள். பாதாளத்துக்கு அன்றுதான் ஒரு பூர்வ சரித்திரம் கிடைத்தது.

கணினிக்கு வந்தால், 'டயாப்லோ' ஒன்றே போதும். 1996-ஆம் ஆண்டின் இறுதியை ஒட்டி வெளிவந்த அந்த விளையாட்டில் டிரிஸ்ட்ரம் என்னும் சிற்றூரும், அதன் தேவாலயத்துக்கு அடியில் பதினாறு நிலைகளும் உண்டு. கீழே கொடுமைகளைக் கண்டு மேலே ஏறி வந்தால், மாட் யூல்மென் அமைத்த கிதார் இசை ஒலிக்கும் அந்தத் தெருவில் கொல்லன் கிரிஸ்வோல்ட் நமக்கு வாள் விற்பான். இறுதியில் அசுரனை வென்ற வீரன், அவனைச் சிறைப்படுத்துவதாக எண்ணி, அவன் ஆவி அடங்கிய மணியைத் தன் நெற்றியிலேயே பதித்துக்கொள்கிறான். 2000-இல் வந்த இரண்டாம் பாகத்தில், நாம் தேடிச் செல்லும் இருள்முக யாத்ரீகன் அந்த வீரனே. டிரிஸ்ட்ரம் எரிந்து கிடக்கிறது. பேயுரு அடைந்த கிரிஸ்வோல்ட் நம்மையே வெட்ட வருகிறான். ஹரிபஞ்சானனனை அறிந்த எவருக்கும் இந்த வித்தை புதிதன்று. 2012-இல் வந்த மூன்றாம் பாகத்தில் வர்ணங்கள் அதிகம் என்று ரசிகர்கள் சண்டையிட்டார்கள். குற்றம் வர்ணத்தில் இல்லை. பகைவனே அடிக்கடி தோன்றித் தன் திட்டத்தை வாய்விட்டுச் சொல்லிவிடுகிறான்; சொல்லிவிட்டபின் பயம் ஏது?

நம் சினிமாவிலும் இதற்குச் சான்று உண்டு. 1993-இல் ஃபாசில் எடுத்த 'மணிச்சித்திரத்தாழ்', நாகவல்லி என்னும் பேயின் ரகசியம் கதாநாயகி கங்கையின் மனத்துக்குள் இருக்கிறது என்று காட்டிக் கணக்கை முடித்துவிட்டது. முடிந்த அந்தக் கணக்கை அதன் தமிழ் வடிவத்தின் தொடர்ச்சியாக மீண்டும் திறக்க வந்த 'சந்திரமுகி 2', 2023-இல், மெய்யான பேயை அழைத்துவர வேண்டியதாயிற்று. அது வெறும் ஆரவாரமாகவே நின்றது. ஆனால் 2025-இல் வெளிவந்த 'லோகா' என்னும் மலையாளப் படம் கள்ளியங்காட்டு நீலியையே கதாநாயகியாக்கி, அவளுடைய கணக்கு இன்னும் தீரவில்லை என்று காட்டியதால், அடுத்த பாகத்துக்கு இடம் தேடி அலைய வேண்டிய அவசியம் அதற்கு இல்லை.

கழக்கூட்டத்துப் பிள்ளையின் ஊராகிய கழக்கூட்டத்தில்தான், 1990-இல் நிறுவப்பட்ட டெக்னோபார்க் இன்று இருக்கிறது. அங்கே கணினியின் முன் அமர்ந்து சித்திரமும் விளையாட்டும் படைக்கும் இளைஞர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: இரண்டாம் பாகம் திட்டமிடும் நாளில் புதிய அரக்கனை வரையத் தொடங்குமுன், முதல் பாகத்தில் உங்கள் வீரன் யாருடைய வீட்டை இடித்தான் என்று பாருங்கள், 'தர்மராஜா'வையும் ஒருமுறை வாசித்துவிடுங்கள். மலையாளம் வாசிக்க வராத நேயர்கள் 'மார்த்தாண்ட வர்மா'விலிருந்து தொடங்கலாம். அதற்குத் தமிழ் மொழிபெயர்ப்பு உண்டு.