இரும்பு எந்த வழியாகத் தாவியது?

சில சேர்மங்களில் உலோகம் கார்பன் வளையத்தின் ஒரே இடத்தில் நிற்காமல் சுற்றிச்சுற்றி வரும் என்பது கரிம உலோக வேதியியலைத் தொட்டவர்களுக்குத் தெரியும். இப்போது அந்த நகர்வைக் கணினியில் கணக்கிட்டு அசைபடமாகக் காட்டுவதுதான் மோகம். கருத்தரங்கில் படம் ஓடி முடிந்ததும் கைதட்டுகிறார்கள். எனக்குப் பொறுமை போய்விட்டது. உலோகம் எந்த வழியாகப் போனது என்பதற்குச் சாட்சி, குளிரவைத்து எடுத்த என்.எம்.ஆர். நிறமாலை. மறுபடியும் சொல்கிறேன், குளிரவைத்து எடுத்த நிறமாலை.

1956-இல் பைப்பரும் வில்கின்சனும் ஓர் இரும்புச் சேர்மத்தைப் பற்றி எழுதினார்கள். அதில் இரண்டு கார்பன் மோனாக்சைடு, இரண்டு சைக்ளோபென்டாடையீனைல் வளையங்கள். ஒரு வளையம் ஐந்து கார்பன்களாலும் இரும்பைப் பற்றியிருக்கிறது. மற்றது ஒரே கார்பனால். அந்த இரண்டாவது வளையத்தில் மூன்று வகை ஹைட்ரஜன் இருக்க வேண்டும். நிறமாலையிலோ ஒற்றைக் கோடுதான். இரும்பு கார்பனுக்குக் கார்பன் தாவுகிறது என்றார்கள். அருமையான ஊகம். ஆனால் பக்கத்துக் கார்பனுக்கா, ஒன்றை விட்டு அடுத்ததற்கா?

அதற்கு விடை தந்தது எம்.ஐ.டி.யில் இருந்த ஆல்பர்ட் காட்டனின் குழு, 1966-இல். இந்தத் துறையில் எனக்கு இதைவிடப் பிடித்த வேலை வேறில்லை. கரைசலைப் பூஜ்யத்துக்குக் கீழே சுமார் 80 டிகிரி செல்சியஸுக்குக் கொண்டுபோனார்கள். தாவல் மந்தமாகி, ஒற்றைக் கோடு 1:2:2 என்று மூன்றாகப் பிரிந்தது. பிறகு மெல்லச் சூடேற்றினார்கள். இரண்டு பெரிய கோடுகளும் ஒரே வேகத்தில் கலையவில்லை. இதைக் கவனியுங்கள்: ஒரே வேகத்தில் கலையவில்லை!

வகுப்பில் நான் கரும்பலகையில் ஓர் ஐங்கோணம் வரைந்து, மூலைகளுக்கு எண் போட்டு, மாணவர்களையே இரும்பை நகர்த்தச் சொல்வேன். பக்கத்துக் கார்பனுக்குத் தாவினால், இரும்பு பிடித்திருந்த கார்பனுக்கு இருபுறமும் உள்ள இரண்டு ஹைட்ரஜன்களுமே தம் நிலையை இழக்கும். தள்ளியிருக்கும் இரண்டில் ஒன்றுதான் இழக்கும். ஒன்றை விட்டுத் தாவினால் கணக்கு தலைகீழ். ஒரு மாணவி இதைத் தானே எண்ணிப் பார்த்துவிட்டு, "அப்போ எந்தக் கோடு முதல்ல கலையுதுன்னு பார்த்தாலே வழி தெரிஞ்சிடும் சார்" என்றாள். அன்று எனக்கு வேறு பாடம் நடத்தத் தோன்றவில்லை.

எந்தக் கோடு எந்த ஹைட்ரஜனுக்கு உரியது என்பதில் தகராறு வரலாம். அதற்கும் காட்டன் குழு வழி கண்டது. வளையத்தை இன்டெனைலாக மாற்றினார்கள். அதாவது ஐங்கோணத்தோடு ஒரு பென்சீன் வளையமும் ஒட்டியது. இதில் பக்கத்துக் கார்பனுக்குத் தாவ வேண்டுமானால் பென்சீனின் அரோமாட்டிக் தன்மை குலைய வேண்டும். ஒன்றை விட்டுத் தாவ அந்தத் தடை இல்லை. இரும்பு அசையவில்லை. ஆக, அது பழகிய வழி பக்கத்து வழிதான். இந்தத் தர்க்கத்தில் அசைபடத்துக்கு வேலையே இல்லை.

சைக்ளோஆக்டாடெட்ரயீன் வளையத்தில் இரும்பு டிரைகார்போனைலின் ஓட்டம் இன்னும் வேகம். நன்றாகக் குளிரவைத்தாலும் எட்டு ஹைட்ரஜன்களும் ஒரே கோடாகவே நிற்கும். அங்கே இரும்பை எடுத்துவிட்டு ருதேனியத்தை வைத்தார்கள். ஓட்டம் மந்தமானது, கோடுகள் பிரிந்தன, அங்கேயும் பக்கத்துத் தாவல்தான் தெரிந்தது.