உப்பிலே ஒரு வேதியியல்
(மரக்காணத்தில் ஆற்றிய உரை)



உங்கள் உப்பளத்துக் கல்லுப்பு ஒன்றைக் கையில் எடுங்கள். அதனுள் இருப்பவை இரண்டு தனிமங்கள். ஒன்று, நீர் பட்டாலே சீறும் சோடியம்; மற்றொன்று, மூச்சடைக்கும் நச்சுவளியாகிய குளோரின். 46 கிராம் சோடியமும் 71 கிராம் குளோரினும் கூடின் 117 கிராம் உப்பாகும். ஓரணுவும் மிகாது, ஓரணுவும் குறையாது. இதுவே வேதிச் சமன்பாடு.

கடல்நீரிலோ இவ்விரண்டும் மின்னேற்ற அணுக்களாய்க் கரைந்துள்ளன. கதிரவன் நீரை ஆவியாக்க, உப்பு விளைகிறது.

நெல்லை எண்ணுவாரில்லை, மரக்காலால் அளப்பர். அணுக்களை அளக்கும் மரக்காலே 'மோல்'. அதன் கொள்ளளவு 6.022 × 10²³. ஒரு மோல் உப்பின் எடை 58.5 கிராம். அப்பெயருக்கு நல்ல தமிழ்ச்சொல் ஆக்குவதும் நம் கடனே.

தமிழில் அறிவியல் இயலாது என்பார்க்குச் சொல்லுங்கள்: 19ஆம் நூற்றாண்டிலேயே யாழ்ப்பாணத்து மானிப்பாயில் கிரீன் என்னும் அமெரிக்க மருத்துவர் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். அயலவர்க்கு இயன்றது நமக்கு இயலாதா?

தாய் வாரிக் குவிக்கும் உப்பின் உண்மை, அவள் பிள்ளைக்கு அயன்மொழிப் பூட்டுக்குள் கிடப்பதா? கூடாது! தமிழில் கற்பிப்போம், தமிழராய் உயர்வோம்!